மாத்திரை அட்டைகளைக் கேமரா முன் பரப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மருந்தாளுநர் வீடியோ அழைப்பில் வழிகாட்டுவது நல்ல ஏற்பாடு. ஆனால், "மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டு, "ஆமாம்" என்பதைக் குறித்துக்கொண்டு வைத்துவிடும் அழைப்பால் பயனில்லை. நோயாளி பொய் சொல்வதில்லை. தான் சாப்பிடுவதில் தவறு இருப்பது அவருக்கே தெரியாது.

முதல் அழைப்பு இரண்டு மூன்று நாட்களுக்குள் வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மருந்தாளுநரின் கண்முன் இருக்க வேண்டும். அறுவைக்கு முன் வாங்கியவை உட்பட வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும் மேஜையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்புறத்தையும், பிராண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி, காட்டச் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலால் இரண்டு பிராண்டுகளில் கிடப்பது அப்போதுதான் அகப்படும். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறிக் குறையும், எழுந்து நின்றால் தலை சுற்றும். வீட்டிலோ அதை ஆபரேஷன் அசதி என்று விட்டுவிடுவார்கள். இரண்டையும் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து, துடிப்பு எகிறிவிடும்.

அடுத்தது வலி மாத்திரை. நெஞ்செலும்பு கூடிவர 6 முதல் 8 வாரம் ஆகும், அதுவரை வலி இருக்கத்தான் செய்யும். கைக்கு எட்டிய ஐபுபுரோஃபெனைப் போட்டால், ரத்தத் தட்டணுவில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். சிறுநீரகத்துக்கும் கேடு, உடலில் நீரும் தேங்கும். "வேறு மாத்திரை உண்டா?" என்றால் "இல்லை" என்றே பதில் வரும். "முதுகு வலிக்கு என்ன போட்டீர்கள், பல் வலிக்கு என்ன போட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

மெக்கானிக்கல் வால்வு (செயற்கை இதய வால்வு) பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குத்தான் கவனம் மிக அதிகம் தேவை. மிட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது) என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு வழக்கமாக 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். துடிப்பு சீராக அமியோடரோனும் கொடுத்திருந்தால் அது வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும், அதுவும் ஒரே நாளில் அல்ல, வாரக்கணக்கில். டிஸ்சார்ஜ் அன்று சரியாக இருந்த ஐஎன்ஆர் மூன்றாவது வாரத்தில் ஏறி, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். பிறகு அமியோடரோனை நிறுத்தினாலோ அதன் தாக்கம் மாதக்கணக்கில் மெல்ல வடியும். வார்ஃபரின் அளவை அதற்கேற்ப ஏற்றாவிட்டால் வால்வில் ரத்தம் உறையலாம். ஆகவே ஒரே ஒரு அழைப்போடு இது முடியாது. கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

அளவை மாற்றும் முடிவு மருத்துவருடையது. அழைப்பு நடக்கும்போதே அறுவைக் குழுவைப் பிடிக்க மருந்தாளுநருக்கு நேரடி எண் தர வேண்டும் என்பதே மருத்துவமனைகளிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை. காயத்தில் சீழ், காய்ச்சல், ஓரிரு நாளில் 2 கிலோ எடை ஏற்றம் என்று நோயாளி சொன்னால் அந்த எண்ணை உடனே அழைக்க வேண்டும். மூச்சுத்திணறல் என்றால் எந்த அழைப்புக்கும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

திருத்திய மருந்துப் பட்டியல் அன்றே எழுத்தில் போய்ச் சேரட்டும். பழைய பட்டியலைக் கேமரா முன்னாலேயே கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதய சிகிச்சைப் பிரிவு மருந்தாளுநர்கள்