சந்தையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள், அப்பா

மினியாபொலிஸ்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே இரவு ஒன்பது என்றால் பொள்ளாச்சியில் காலை எட்டரை. போனில் "சாப்டியா, குளுருதா" என்று கேட்டு முடிப்பதற்குள் உங்களுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது. போன வாரம் கேட்டீர்களே அப்பா, "அங்க என்னதான் படிக்கிற, மாட்டுச் சந்தைல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல" என்று. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அம்மாவுக்கு. குளிர் போன மாதம் ஒரு நாள் மைனஸ் 26 வரை போனது. வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக் குத்துகிறது, சிரிக்காதீர்கள், நிஜம். மிசிசிப்பி ஆறு எங்கள் கேம்பஸுக்கு நடுவில்தான் ஓடுகிறது, இப்போது மேலே பனிக்கட்டி மூடிக் கிடக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் துறைக்குப் போக வேண்டும். நல்லவேளை, பாலத்தின் மேல்தட்டில் நடப்பவர்களுக்கென்று மூடிய பாதை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சோமாலியாக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். நம் சமோசாவுக்குள் கறியை வைத்து சம்பூசா என்று விற்கிறார்கள், மதியம் பாதி நாள் எனக்கு அதுதான். சமைக்கிறேனா என்றால், சமைக்கிறேன். உறைய வைத்த தேங்காய்த் துருவல் பொட்டலமாகக் கிடைக்கிறது. பொள்ளாச்சிக்காரி பொட்டலத் தேங்காயில் சட்னி அரைக்கிறாள் என்று மட்டும் அம்மாயியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பணத்துக்குக் கவலை வேண்டாம். படிப்புக்குக் கட்டணம் இல்லை, இளங்கலை மாணவர்களின் விடைத்தாள் திருத்தும் வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள், வாடகையும் சாப்பாடும் போகக் கொஞ்சம் நிற்கிறது. விசா விதிப்படி பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அதனால் "கடையில நிக்கிறியா" என்று மாமா கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சரி, படிப்பு. பொருளாதாரத்தில் பிஎச்.டி. என்றதும் ரூபாய் ஏன் இறங்குகிறது, தக்காளி ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும் என நினைப்பார்கள். தெரியாது. முதல் வருடம் அந்தப் பக்கமே போவதில்லை, முழுக்கக் கணக்குதான். நவம்பரில் மூன்று வாரம் உட்கார்ந்து என்ன செய்தோம் தெரியுமா? எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் மிச்சமில்லாமல் கைமாறும்படியான விலை என்று ஒன்று இருக்கிறது என நிரூபித்தோம். அது எவ்வளவு என்று இல்லை, இருக்கிறது என்று மட்டும்! ஆரோ, டெப்ரூ என்ற இருவர் 1954இல் காட்டியது. வகுப்பில் அதற்கு ககுதானி என்ற ஜப்பானியர் 1941இல் நிரூபித்த தேற்றத்தைப் பயன்படுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். ஒரு மாட்டின் விலை என்றால் தெரிந்துவிடும் அப்பா, உலகத்தில் இருக்கும் அத்தனை சரக்குக்கும் சேர்த்து என்றால் அது அவ்வளவு லேசு இல்லை. நிரூபணத்தின் கடைசி வரி புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். அக்டோபரில் முதல் பரீட்சையில் எனக்கு 100க்கு 38. கல்லூரியில் பதக்கம் வாங்கியபோது தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தீர்களே, அதுதான் கண்முன் வந்து நின்றது. வகுப்பின் சராசரியே 43 என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் முதலாக வந்தவர்கள், அதனால் புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. எனக்கும் வீம்பு, வீட்டில் போட்டு வரச் சொல்லும் கணக்குகளைத் தனியாகவே போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணி வரை விழித்துக் கிடந்தேன். கடைசியில் ஒரு கொரியாக்காரிதான் "மூணாவது கணக்கு எனக்கு ஒரு வரிகூடப் புரியல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேர், அவள், ஒரு துருக்கிக்காரன், ஒரு பிரேசில்காரன், நான், வியாழக்கிழமை ராத்திரி ஒயிட்போர்டு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு படிக்கிறோம். இப்போது பரவாயில்லை. வருடக் கடைசியில் பிரிலிம் என்று பெரிய பரீட்சை இருக்கிறது, இரண்டு வாய்ப்பு, இரண்டிலும் தவறினால் முதுகலைப் பட்டத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். பயம் இருக்கிறது. மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

அப்புறம், உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய விஷயம். எங்கள் துறையில் லியோனிட் ஹர்விச் என்று ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் பிறந்து, போலந்தில் சட்டம் படித்து, போர்க்காலத்தில் 1940இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர், பொருளாதாரத்தில் ஒரு பட்டம்கூட வாங்கியதில்லை. 2007இல், 90 வயதில், நோபல் பரிசு கொடுத்தார்கள். ஸ்வீடன் வரை போக உடம்பு இடம் கொடுக்காததால் பரிசை இங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, ஆளாளுக்கு மனதில் ஒன்றை மறைத்து வைத்திருக்கும்போது, உண்மையைச் சொல்வதே லாபம் என்று ஆகிற மாதிரி விதிகளை அமைக்க முடியுமா என்பது. வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் தோளில் கிடக்கும் துண்டுதான் ஞாபகம் வந்தது. மாட்டுத் தரகில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து நீங்கள் பேசும் விலையை, சின்ன வயதில் எட்டி எட்டிப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட மயர்சன் என்பவரும், சாட்டர்த்வெயிட் என்பவரும் 1983இல் ஒன்றை நிரூபித்திருக்கிறார்கள். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், இருவர் மனதிலும் ஒரு விலை, மற்றவருக்குத் தெரியாது. இப்படி இருந்தால், எந்த விதியை வைத்துப் பேசினாலும், இருவருக்கும் லாபமாக முடிந்திருக்க வேண்டிய வியாபாரங்களில் சில முறிந்துதான் போகும், வெளியிலிருந்து ஒருவர் பணம் போட்டால் ஒழிய. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் காங்கேயம் காளை ஐநூறு ரூபாயில் முறிந்து திரும்ப இருந்தபோது, நீங்கள் உங்கள் தரகில் ஐநூறை விட்டுக்கொடுத்துப் பாலக்காட்டுக்காரரிடம் முடித்து வைத்தீர்களே, வீட்டுக்கு வந்ததும் அம்மா அதற்கு எவ்வளவு திட்டினார்! அம்மா, அந்த வெளிப்பணம் அதுதான்.

அப்பா, ஒரு உதவி. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு சந்தை நாளும் மாட்டுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். விற்பவர் முதலில் பிடித்த விலை, வாங்குபவர் முதலில் பிடித்த விலை, முடிந்ததா முறிந்ததா, உங்கள் தரகில் எவ்வளவு விட்டீர்கள். பெயர்கள் வேண்டாம். முறிந்ததையும் விடாமல் எழுதுங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

அன்புடன்,
உங்கள் பாப்பா