புல் வாரிய கைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

தெற்கு லண்டனில் உள்ள எங்கள் அலாட்மென்ட் (வாடகைக்குப் பிரித்துக் கொடுக்கும் பயிர் நிலம்) தோட்டத்தின் வேலியோரத்தில் தேனீக்களுக்காக நாம் வளர்க்கும் காட்டுப்பூக்களில், இந்தக் கோடை முழுவதும் சிவப்புக் குளோவர் பூத்தது. உடலில் முடி அடர்ந்த, பருத்த பம்பிள் தேனீக்கள் மொய்த்தன. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் வணக்கம் புல் வாரியவர்களுக்கு. விதை தூவ எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள். ஆகஸ்ட் முடிவில் வெட்டிய புல்லை வாரிச் சுமக்கத்தான் ஆள் கிடைக்காது. அதை அங்கேயே மட்கவிட்டால் மண் கொழுக்கும், கொழுத்த மண்ணில் புல் ஓங்கி காட்டுப்பூக்களை அமுக்கிவிடும். எரு போட்டே பழகிய நம்மவர்கள், "மண்ணை மெலிய வைக்கவா இத்தனை பாடு?" என்று முணுமுணுத்தபடியே வாரி முடித்தீர்கள். யெல்லோ ராட்டில் விதை தந்த விவசாயிக்கும் நன்றி. புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சி அதன் கொட்டத்தை அடக்குகிற செடி அது. குளிர் பட்டால்தான் முளைக்கும்.

மட்குக் குவியலில் பம்பிள் தேனீக் கூடு இருப்பது தெரிந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்த பெரியவருக்கு என்ன சொல்ல! இலையுதிர் காலத்தோடு கூடு அழிந்துவிடும், புது ராணிகள் மட்டுமே குளிர்காலத்தைத் தாண்டும் என்று சொன்னோம். எருவுக்காக அதுவரை பொறுத்தார். பசியோடு மார்ச்சில் வெளிவரும் ராணிகளுக்காக சீக்கிரமே பூக்கும் டெட் நெட்டில் களையைப் பிடுங்காமல் விட்டவர்களுக்கும் நன்றி.

தேனீக்கள் உள்ளே வர, பாலிடனலின் (பாலிதீன் போர்த்திய பயிர்க்குடில்) கதவைக் காலைதோறும் திறந்துவைத்த அக்காமார்களுக்குக் கத்தரிக்காயே கூலி கொடுத்துவிட்டது. பம்பிள் தேனீ கத்தரிப் பூவைக் கவ்வி, உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். தேனுக்காகப் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

எங்களுக்கு வழிகாட்டியது கென்ட் கடற்கரையின் டஞ்சனெஸ். குட்டைமுடி பம்பிள் தேனீ பிரிட்டனில் கடைசியாக 1988-இல் அங்கேதான் காணப்பட்டது. 2012 முதல் சுவீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இனம் நிலைக்கவில்லை. ஆனால் அதற்காக விவசாயிகள் உருவாக்கிய பூநிலங்களில் வேறு அரிய பம்பிள் தேனீக்கள் பரவின. தோற்ற முயற்சி என்று அதை நான் சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத அந்த விவசாயிகளுக்கும் இம்மடல் உரியது.

மார்ச் முதல் அக்டோபர் வரை மாதம் ஒருமுறை ஒரே தடத்தில் நடந்து தேனீக்களை எண்ணும் இளையவர்களே, உங்கள் குறிப்பேடு கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

மீதி ராட்டில் விதையை நவம்பருக்குள் தூவியாக வேண்டும். கையுறையோடு வாருங்கள், தேநீரும் உளுந்து வடையும் எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
வேலியோரப் பூந்தோட்டக் குழு சார்பில்