திசைகாட்டி பிடிக்கத் தெரிந்தால்தான் நிலவியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் எடுக்கும் நம் பிள்ளைகள் சிஸ்ட், நைஸ், மார்பிள் என்று உருமாறிய பாறைகளின் பெயர்களை எப்படியோ படித்துவிடுகிறார்கள். பாறைத் தளத்தின் சாய்வை அளக்கும் பாடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

எண்கள் இரண்டுதான். திசைகாட்டியின் விளிம்பைப் பாறைத் தளத்தில் பதித்து, அதன் மட்டக் குமிழ் நடுவில் நிற்கும்போது படிப்பது ஸ்டிரைக், அதாவது தளத்தின் கிடைக்கோடு போகும் திசை. அதற்குக் குறுக்கே, 90 பாகையில், கிளினோமீட்டரில் (சாய்வுமானியில்) பார்ப்பது டிப், அதாவது சாய்வுக் கோணம். சாய்வு நம் வலப்பக்கம் இருக்கும்படி நின்று ஸ்டிரைக்கைப் படிப்பது பரவலான வழக்கம். 040/35 என்றால் ஸ்டிரைக் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 40 பாகை, பாறை தென்கிழக்கே 35 பாகை சாய்கிறது. கவனக்குறைவாக 220/35 என்று எழுதினால், அதே பாறை வரைபடத்தில் வடமேற்கே சாயும், பாறை மடிப்பின் மேல்வளைவு கீழ்வளைவாகிவிடும்.

கருவியும் ஏமாற்றும். குளிர்நாடுகளுக்காகச் செய்த திசைகாட்டியில் முள்ளின் ஒரு பக்கம் எடைக்கம்பி சுற்றியிருப்பார்கள். பூமத்தியரேகைப் பக்கம் அந்த எடை அதிகம். முள் சாய்ந்து உரசி நின்றுவிடும். கம்பியை நடுவை நோக்கி நகர்த்த வேண்டும். வெளிநாட்டுப் பாடநூலில் உள்ள காந்த விலக்கத் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு) திருத்தத்தையும் அப்படியே போடாதீர்கள். மலேசியத் தீபகற்பத்தில் அந்த விலக்கம் 1 பாகைக்கும் குறைவு. முள்ளைத் திசைமாற்றும் சுத்தியல், கைப்பேசி இரண்டும் எட்டவே இருக்கட்டும்.

நம் மழைக்குப் பாறை மக்கிச் செம்மண்ணாகிவிடும். சாலை வெட்டின் மேற்பகுதியில் மண்ணோடு அடுக்குகளும் சரிவுப் பக்கம் வளைந்திருக்கும். அங்கே எடுக்கும் கணக்கு பொய்க்கணக்கு. வெட்டின் அடியில், இடம் பெயராத பாறையில் அளக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் வட்டாரச் சுண்ணாம்புக் குன்றுகளில் இன்னொரு குழப்பம். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து எழுந்த கிரானைட்டின் சூட்டில் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி மார்பிளாகிவிட்டது. 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். பொடித்தால்தான் பொங்குகிறது என்றால் அது மக்னீசியம் கலந்த டோலமைட். இந்தக் கல்லில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தளங்கள் பலவும் அடுக்குகள் அல்ல, வெறும் வெடிப்புகள். மாணவர்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். வெடிப்புகளைத் தனியே அளப்பது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல. 1973-இல் ஈப்போ குனோங் சீரோவில் குன்றின் ஒரு பகுதி இடிந்து பலர் மாண்டார்கள். பாறை பிரிந்து விழுவது இத்தகைய வெடிப்புகளின் வழியாகத்தான்.

ஆறாம் படிவ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். தண்ணீர் ஓடும் வழி டிப்பின் திசை. அதற்குக் குறுக்கே கிடையாகப் போகும் கோடு ஸ்டிரைக்.

இப்படிக்கு,
நிலவியல் பட்டதாரிகள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்