சுவரைத் தாண்டாத தோட்டா

அருவங்காடு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. மழை விட்டபாடில்லை, ரயில் பாதி நாள் ஓடுவதில்லை. மற்ற சேதியெல்லாம் பிறகு.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. "நீதான் கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் இருந்தவளாச்சே, சுவரைத் தாண்டாத தோட்டா எதும்மா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார், நான் கேரட் விலைக்குத் தாவிவிட்டேன். நீ படத்தை அனுப்பிவிட்டு உடனே அழித்ததையும் பார்த்தேன். அழிப்பதற்குள் துப்பாக்கியையும் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் இதை எழுத மனம் வரவில்லை, உன் போன் யார் யார் கையில் இருக்குமோ. அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும்தான் தருவாள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஃபேக்டரியில் பார்த்ததெல்லாம் வெடிமருந்துதான், கைத்துப்பாக்கி இல்லை. அதனால் வெலிங்டன் சுபேதார் மாமாவிடம் போய்க் கேட்டேன். உனக்கென்று சொல்லவில்லை, பேப்பரில் படித்தேன், விளங்கவில்லை என்றேன். மீதியை நானே தேடிப் படித்தேன்.

கடையில் மலிவாக, ஐம்பது ஐம்பதாக விற்பது பால் ரவுண்டு. ஈயக் குண்டைச் சுற்றிலும் செம்பு உறை, முனை உருண்டை. அது ரேஞ்சில் சுட்டுப் பழகுவதற்கு. ஆளைத் துளைத்து மறுபக்கம் வெளியே போய்விடும், அங்கே யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தற்காப்புக்கென்று விற்பது ஹாலோ பாயின்ட். முனையில் குழி இருக்கும், உடம்புக்குள் போனதும் அந்தக் குழியில் அழுத்தம் ஏறி, முனை வெளிப்பக்கம் மடிந்து விரிகிறது. விரிந்த குண்டு வேகம் இழந்து உள்ளேயே நிற்கப் பார்க்கும். விரிகிற குண்டு நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1890களில் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆலையில் வெள்ளைக்காரன் செய்ததுதான் பேர் போனது. 1899இல் ஹேக் மாநாட்டில் போரில் அது கூடாது என்று எழுதினார்கள், அதனால் ராணுவங்களில் இன்றும் பெரும்பாலும் பால் ரவுண்டுதான். உங்கள் அமெரிக்கப் போலீஸ் வைத்திருப்பது பெரும்பாலும் ஹாலோ பாயின்ட்தான். அது கொடூரத்துக்காக இல்லை, பின்னால் நிற்கிறவனுக்குப் படாமலிருக்க. இதைப் படித்த பிறகுதான் எனக்கே அந்தக் குழி முனையைப் பார்த்து வந்த அருவருப்பு கொஞ்சம் குறைந்தது.

1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐக்காரர்கள் இருவர் செத்துப்போன ஒரு துப்பாக்கிச் சண்டை நடந்திருக்கிறது. எதிரியின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன ஒரு ஒன்பது எம்எம் குண்டு இதயத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகுதான் அவர்கள் ஒரு பரீட்சை வைத்தார்கள். சதைக்குப் பதிலாகப் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பது. குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18க்கு மேல் போகாமலிருந்தால் நல்லது. முன்னால் தடித்த துணி வைத்துச் சுடுவார்கள், ஜிப்சம் பலகை வைத்தும் சுடுவார்கள். துணி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முனைக் குழிக்குள் துணி அடைத்துக்கொண்டால் குண்டு விரியாது, பால் ரவுண்டு மாதிரியே நேராகப் போய்விடும். துப்பாக்கிக் குழல் குட்டையாக இருந்தால் வேகமும் குறையும், விரிவது இன்னும் சந்தேகம். படத்தில் பார்த்த உன் ஒன்பது எம்எம் குட்டைதான். ஆகவே சின்னத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்துத் தேறியதையே வாங்கு. ஸ்பியர் கோல்டு டாட், ஃபெடரல் எச்எஸ்டி இரண்டையும் பலர் நம்புகிறார்கள். ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் என்றொன்றில் அந்தக் குழியை ரப்பர் போன்ற பொருளால் நிரப்பியிருக்கிறார்கள், துணி அடைக்காமலிருக்க. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

குண்டின் எடையைப் பார். 115, 124, 147 கிரெயின் என்று பெட்டியில் போட்டிருக்கும். 124 என்றால் எட்டு கிராம். நீ 124 எடுத்தால் பழகுவதற்கும் 124 கிரெயின் பால் ரவுண்டே வாங்கு, கை ஒரே உதைக்குப் பழகும். பிளஸ் பி என்று போட்டதை எடுக்காதே. சாதாரண ஒன்பது எம்எம்முக்கு அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ, பிளஸ் பிக்கு 38,500. சின்னத் துப்பாக்கியில் உதை கூடும், முதல் குண்டுக்குப் பின் குறி பிசகும். உன் மணிக்கட்டு எனக்குத் தெரியும், ஊசி போடுகிற கை அது. வாங்கிய தோட்டாவைப் பெட்டியோடு வைத்துவிடாதே. விலை கூடத்தான், இருந்தாலும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய், துப்பாக்கிக்குள் தோட்டா அடுக்குகிற அதே மேகசினில் போட்டுச் சுட்டுப் பார். குழி முனை சில துப்பாக்கிகளில் ஏறாமல் சிக்கும். அது சிக்குமென்று ரேஞ்சில் தெரிந்தால் சரி.

அடுத்து நான் சொல்வதை அம்மா சொல்வதாக நினைக்காதே, லேபில் இருந்தவள் சொல்வதாக எடுத்துக்கொள். தினமும் சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், ஏற்றி, இறக்கி, அதே தோட்டாவை மறுபடி ஏற்றினால் முனை இடிபட்டு இடிபட்டு, குண்டு மருந்து இருக்கிற பித்தளைக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் மருந்து எரிகிற வேகம் கூடும், அழுத்தம் எங்கேயோ போய்விடும், துப்பாக்கி உன் கையிலேயே வெடிக்கலாம். மேகசினின் முதல் தோட்டாவை அடிக்கடி எடுத்து, புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் மேசைமேல் நிறுத்தி வைத்துப் பார். தலை ஒரு முடியளவு தாழ்ந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிடு. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் தோட்டாவில் படக்கூடாது, மருந்தைப் பற்றவைக்கிற பிரைமருக்குள் ஊறினால் செத்துவிடும்.

காருக்குள் வைக்காதே. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. நாங்கள் ஹீட் டெஸ்ட் செய்வோம், உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பள்ளி விட்டு கேட்டில் எனக்காக நின்றபோது அதைத்தான் சொல்வேன், முடியட்டும் வருகிறேன் என்று. குழாயில் மருந்தைப் போட்டு 71 டிகிரிச் சூட்டில் இறக்கி, மேலே ஸ்டார்ச் தடவிய காகிதம் ஒன்றைத் தொங்கவிடுவோம். காகிதத்தில் பாதி ஈரம், பாதி உலர்ந்தது. மருந்து கெட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாத வாயு கிளம்பி, ஈரமும் உலர்ந்ததும் சேர்கிற இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு விழும். அந்தக் கோடு விழுகிற நிமிஷம்தான் கணக்கு. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். மருந்து சூட்டில் உள்ளுக்குள்ளேயே தேய்கிற சரக்கு, வெளியே ஒன்றும் தெரியாது. ஹூஸ்டன் வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு கோடை முழுக்க அதைப் போட்டு வைக்கலாமா? திருட்டு வேறு.

இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நைட் ஷிஃப்ட் முடித்து பார்க்கிங் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது, அதற்காக வாங்கினேன் என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்பது உங்கள் டெக்சாஸ் மாநிலச் சட்டம், எழுத்தில் அனுமதி இருந்தால் தவிர. 2021 செப்டம்பரில் லைசென்ஸ் இல்லாமலே கையோடு கொண்டுபோகலாம் என்று மாற்றிய பிறகும் அது அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் அது காரில் கிடக்கும், நீ வாசலிலிருந்து கார் வரை நடக்கிற அந்த நடையில் உன் கையில் இருக்காது. இது உனக்குத் தெரியாமலிருக்காது. நீ எதையும் படிக்காமல் செய்கிறவள் இல்லை. பார்க்கிங்கில் நடக்கிறவளுக்குச் சுவர்க் கவலையும் வராது.

பாப்பா, சுவரைத் தாண்டாத தோட்டா கிடையாது. உங்கள் வீட்டுச் சுவர் மரச் சட்டமும் இரண்டு பக்கம் ஜிப்சம் பலகையும்தானே. ஆளை நிறுத்துகிற அளவுக்கு உள்ளே போகிற எந்தக் குண்டும் அந்தச் சுவரைத் தாண்டும், ஹாலோ பாயின்ட்டும் தாண்டும். பட்டதும் பொடியாகிற குண்டு என்று ஒன்று விற்கிறார்கள், அது ஆளுக்குள்ளும் ஆழமாகப் போகாது. படுக்கையறைக்கும் குட்டி தூங்குகிற அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரைப் பற்றித்தான் நீ கேட்டாய் என்று நினைக்கிறேன். அதற்கு எந்தக் கடையிலும் தோட்டா இல்லை. எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவது, எந்தப் பக்கம் பார்த்துச் சுடவே கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறது. குட்டியின் கட்டிலை வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்து. இன்றைக்கே நகர்த்து.

பெட்டி வாங்கிப் பூட்டி வை. பூட்டாமல் விட்டு, குண்டு ஏற்றிய துப்பாக்கி பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குப் போய்விட்டால் உங்கள் ஊரில் அது உன் குற்றம். பெட்டியின் எண் உன் பிறந்தநாள், குட்டியின் பிறந்தநாள், கல்யாண நாள் எதுவாகவும் இருக்க வேண்டாம். அந்த எண் வேறு யாருக்குத் தெரியும்? நீ சொல்ல வேண்டாம், நினைத்து மட்டும் பார். வீட்டில் இருக்கிற துப்பாக்கி யார் கைக்கு முதலில் போகிறதோ அவருடையது. சித்தி வீட்டில் அரிவாளுக்கு நடந்தது உனக்குத் தெரியும்.

உன்னை நினைத்து எனக்குக் கர்வம்தான். குன்னூரில் சைக்கிளே விடமாட்டேன் என்று அழுதவள், யார் தயவும் இல்லாமல் பரீட்சை எழுதி, கிரீன் கார்டு வாங்கி, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாய். சம்பளம் உன்னுடையது, வீட்டு லோன் உன் பேரில். ஆனால் தீபாவளிக்குப் பிறகு ஒருநாள்கூட வீடியோவில் முகம் காட்டவில்லையே, அது ஏன்? கேமரா ரிப்பேர் என்றால் குட்டி பேசும்போது மட்டும் எப்படி வேலை செய்கிறது? பூட்டு மாற்றினேன் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாய். மாப்பிள்ளையைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும் என்று நினைத்திருப்பாய். போகாது. இந்தக் கடிதத்தைக்கூட அவர் தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.

தேடும்போது இன்னும் சிலதும் படித்தேன், உன் வார்டுக்கு வருகிற பெண்களுக்குத் தேவைப்படலாம் என்று எழுதுகிறேன். வீட்டில் ஒருத்தியை அடிக்கிறவன், மிரட்டுகிறவன்மேல் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அதற்கு அவளிடம் கட்டணம் வாங்குவதில்லை. இவனால் அவளுக்கு ஆபத்து என்று கோர்ட் சொல்லி உத்தரவு போட்டுவிட்டால் அவன் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது, அந்த வழக்கே டெக்சாஸ் வழக்கு. 1-800-799-7233 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் வராதவர்களுக்கு அவரவர் பாஷை தெரிந்தவரை இணைத்துக் கொடுப்பார்கள். எண்ணை எங்காவது குறித்து வை, உன் போனில் வேண்டாம்.

எனக்குக் கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தாயிடம் தோட்டா வகை மட்டும் கேட்பாயா? இங்கே ஒன்பது எம்எம் சாதாரண ஜனத்துக்கு லைசென்ஸில்கூடக் கிடையாது. நான் அத்தனை வருஷம் கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன், வீட்டுக்குள் அந்த வாடைகூட வரவிட்டதில்லை. சரி, வாங்கியது வாங்கியாயிற்று. விற்றுவிடு என்று சொல்ல மாட்டேன். உன் உயிர்மேல் உனக்கு அக்கறை இருக்கிறது என்பதே எனக்குப் போதும். ஆனால் அதை மட்டும் நம்பி அந்த வீட்டில் இருக்காதே. அக்கா வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. டாலஸில் உன் வேலைக்கு ஆஸ்பத்திரியா இல்லை? அவளிடம் பேசிவிட்டேன், காரணம் கேட்காமல் சரி என்றாள்.

என் விசா இன்னும் காலாவதியாகவில்லை. குட்டியின் டிசம்பர் லீவுக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் அடுத்த மாதமே கிளம்புகிறேன். ஏர்போர்ட்டுக்கு அக்கா வருவாள், நீ லீவு போட வேண்டாம். நேரே உன் வீட்டுக்குத்தான் வருவோம். குட்டியின் துணிமணி, அவள் பாஸ்போர்ட், உன் சர்டிபிகேட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், அந்தப் பை ஆஸ்பத்திரியில் உன் லாக்கரில் இருக்கட்டும். கட்டிலை நகர்த்திவிட்டாயா என்று மட்டும் அக்காவுக்கு ஒரு வரி அனுப்பு, வேறொன்றும் எழுத வேண்டாம். வராதே என்று சொல்லாதே, டிக்கெட் போட்டாயிற்று.

அம்மா