1939-இல் சுட்டது 1908-இன் கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 1 அன்று தங்கள் நாளிதழில் வந்த இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரையில், டான்சிக் துறைமுகத்தில் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) இருந்த வெஸ்டர்பிளாட்டே என்ற போலந்துப் படைத்தளத்தைச் சுட்ட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கப்பலை 'ஹிட்லர் புதிதாகக் கட்டிய நவீனப் போர்க்கப்பல்' என்று எழுதியிருந்தீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இத்தகைய பக்கங்களை நறுக்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது ஹிட்லருக்கு முன் ஜெர்மனியை ஆண்ட பேரரசர் கைசர் காலத்துக் கப்பல். கீல் நகரில் 1905-இல் கட்டத் தொடங்கி, 1906 டிசம்பர் 17-இல் நீரில் இறக்கி, 1908 ஜூலையில் கடற்படையில் சேர்த்தார்கள். நீரில் இறங்கிய அன்றே அது பழசாகிவிட்டது. அதே மாதம் பிரிட்டனின் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பல் பணிக்கு வந்திருந்தது: 12 அங்குலப் பீரங்கிகள் பத்து, டர்பைன் எஞ்சின், வேகம் 21 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலோ 28 செ.மீ. பீரங்கிகள் நான்குதான், பிஸ்டன் நீராவி எஞ்சின், வேகம் 18 நாட்.

பக்கவாட்டில் இருந்த பதினான்கு 17 செ.மீ. பீரங்கிகள் தனித் தொல்லை. அவற்றின் குண்டு ஒன்று 64 கிலோ. சிமெண்ட் மூட்டையே 50 கிலோதான். அதைவிட 14 கிலோ கூடுதலான இரும்பை, அலையில் ஆடும் தளத்தில் ஆட்கள் கையால் தூக்கித் திணிக்க வேண்டும். தொடர்ந்து சுட்டால் கை சோர்ந்துவிடும், சுடும் வேகம் விழுந்துவிடும். பின்னாளில் 17-ஐக் கழற்றிவிட்டு 15 செ.மீ. பீரங்கிகளைப் பொருத்தினார்கள்.

1916 மே 31-இல், முதல் உலகப் போரில், பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்டுப் போர். இந்த வகைக் கப்பல்களை 'ஐந்து நிமிடக் கப்பல்கள்' என்பார்கள். புதிய கப்பல்கள் முன் அவ்வளவு நேரம்தான் தாங்கும் என்ற கணக்கு. அவற்றின் 18 நாட் வேகத்தால் ஜெர்மன் அணி முழுவதுமே மெதுவாகப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் அன்று அந்தி நேரத்தில், அடிபட்டுத் திணறிய ஜெர்மன் தளபதி ஹிப்பரின் கப்பல்களுக்கு மறைப்பாக நின்றவை இவைதாம். அந்த மாலுமிகளின் துணிவைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஒரு குண்டு வாங்கியது. மூவர் இறந்தனர், ஒன்பது பேர் காயமடைந்தனர். அதன் உடன்பிறப்பான பொம்மெர்ன் மறுநாள் விடியலில் டார்பிடோ பட்டு, வெடிமருந்து வெடித்துச் சிதறியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இந்த வகைக்குப் போதிய தடுப்பு இல்லை என்பதை அது காட்டிவிட்டது. 1917-இல் முதல் வரிசையிலிருந்து விலக்கினார்கள்.

அப்படியானால் 1939-இல் எப்படி வந்தது? முதல் உலகப் போரில் தோற்றபின் திணிக்கப்பட்ட வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு விட்டுவைத்தது இத்தகைய பழைய கப்பல்களை மட்டுமே; புதிதாகக் கட்டினால் 10,000 டன்னுக்கு மேல் கூடாது. வேறு வழியில்லாமல் 1926-இல் இதைப் புதுப்பித்து அணித்தலைமைக் கப்பலாக்கினார்கள். 1936-இல் பயிற்சிக் கப்பலாக மாற்றினார்கள்.

1914-இல் தரைதட்டி அழிந்த மாக்டெபர்க் என்ற ஜெர்மன் குரூசரின் மாலுமிகளுக்கு அஞ்சலி என்ற பெயரில் 1939 ஆகஸ்ட் 25-இல் டான்சிக் துறைமுகம் வந்தது. உள்ளே ஒரு தாக்குதல் படையை ஒளித்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 1 அதிகாலை 4.45-ஐ ஒட்டிச் சுடத் தொடங்கியது. 28 செ.மீ. குண்டின் எடை 240 கிலோ. சென்னையைச் சுட்ட எம்டனின் குண்டு சுமார் 17 கிலோதான். இருந்தும் கரையேறிய படை முதல் நாளே பின்வாங்கியது. மேஜர் சுசார்ஸ்கியின் சிறு போலந்துப் படை செப்டம்பர் 7 வரை தாக்குப்பிடித்தது. இதுவும் தங்கள் கட்டுரையில் விடுபட்டுள்ளது.

1940-இல் டென்மார்க் படையெடுப்பின்போது தரைதட்டியது. 1944 டிசம்பரில் கோட்டென்ஹாஃபனில் (இன்றைய போலந்தின் க்டினியா) பிரிட்டிஷ் விமானக் குண்டுகள் பட்டு ஆழமில்லாத நீரில் அமிழ்ந்தது. 1945 மார்ச்சில் ஜெர்மானியரே தகர்த்தனர். சோவியத் படையினர் தூக்கியெடுத்து, எஸ்தோனியாவின் ஒஸ்முசார் தீவருகே சுடுபயிற்சிக்கு இலக்காக வைத்தனர்.

படத்தையும் மாற்ற வேண்டும். தாங்கள் வெளியிட்டதில் மூன்று புகைப்போக்கிகள் தெரிகின்றன. 1920-களின் மராமத்தில் முன்னிரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 1939-இல் இரண்டுதான் இருந்தன. திருத்தத்தோடு இரண்டு புகைப்போக்கிப் படத்தையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் (ஓய்வு),
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.