பாய்லர் ஒழுகல் நின்றது, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாக மாமா சொன்னார். மழை விடும்வரை நெல்லிக்குப்பம் பக்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

"அந்தச் சின்ன ரயில் பாய்லர் என்னடா ஆச்சு?" என்று போனில் கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதோடு, சர்க்கரை ஆலையில் சக்கை எரித்து பாய்லர் ஓட்டியவருக்கு அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனசும் இல்லை. அதனால் இந்தக் கடிதம் முழுக்க பாய்லர்தான். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: வேலை சரியாகப் போகிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன், கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறேன்.

நான் இருக்கும் இந்த டார்லிங்டன், இங்கிலாந்தில் ரயிலால் வளர்ந்த ஊர் அப்பா. 1825 செப்டம்பர் 27 அன்று ஷில்டனிலிருந்து ஸ்டாக்டனுக்குப் போன நீராவி ரயில் இந்த ஊர் வழியாகத்தான் போனது. 2025ல் அதற்கு 200 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடினார்கள். டொர்னாடோ என்று முழு அளவு நீராவி எஞ்சின் ஒன்றை ஆர்வலர்களே பணம் திரட்டி, இங்கேயே கட்டி, 2008ல் ஓடவும் விட்டார்கள். அதற்கு பாய்லர் மட்டும் ஜெர்மனியில் மைனிங்கன் என்ற ஊரிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக் கொட்டகையில் லேத் வைத்துக்கொண்டு ரயில் எஞ்சின் செய்பவர்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. என் தெருவிலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். வந்த புதிதில் இந்த ஊரில் யாரோடும் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச வாய்த்ததில்லை. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். என் அப்பா பாய்லர் அட்டெண்டண்ட் என்று பேச்சுவாக்கில் சொன்னதும் அந்தப் பெரியவர் என்னை நேராகக் கொட்டகைக்கு அழைத்துப் போய்விட்டார்.

எஞ்சின் அவரே செய்தது. தண்டவாள அகலம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. நீங்கள் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி நெல்லிக்குப்பத்தில் இறங்குவீர்களே, அந்தப் பழைய மீட்டர் கேஜ் பாதையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். நிலக்கரி போட்டு, ஆவி ஏற்றி, பின்னால் பெட்டிகளில் பெரிய ஆட்களையே உட்கார வைத்து இழுக்கும். வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு; நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 5.6 கிலோ.

உங்கள் பாய்லருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே எல்லாம் எஃகு. டியூபை எக்ஸ்பாண்டர் விட்டு விரித்து டிரம்மில் இறுக்குவீர்கள். இது முழுக்கச் செம்பு. தீ எரியும் ஃபயர்பாக்ஸ், டியூப், தகடுகளை விலகாமல் பிடிக்கும் ஸ்டே, அடியில் சுற்றி வரும் சட்டம் எல்லாவற்றையும் வெள்ளி கலந்த கம்பியால் பற்றவைத்திருக்கிறார். அந்தக் கம்பியில் நூற்றுக்கு 55 பங்கு வெள்ளி. 630 டிகிரியில் இளக ஆரம்பித்து 660ல் ஓடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும் என்பதால் நடுவில் நமக்கு நல்ல இடைவெளி இருக்கிறது. 5.6 கிலோ ஆவியின் சூடு 162 டிகிரிதான். தண்ணீர் மட்டம் இறங்காதவரை பற்றுக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

இனி ஒழுகல் விஷயம். எஞ்சின் ஓடி முடிந்து ஆறும்போது அடியில் ஈரம் தெரிகிறது என்று பெரியவர் சொன்னார். பாய்லருக்கு அடியில் ஈரம் இருந்தால் பாய்லர்தான் ஓட்டை என்று முடிவு கட்டக் கூடாது, பாதி நேரம் அது ஃபிட்டிங்கின் குற்றமாக இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதைத்தான் முதலில் பார்த்தோம். மேல்தகட்டையும் உள்ளே சுற்றியிருந்த துணியையும் கழற்றினோம். அடித்தண்ணீரை வெளியே விடும் புளோடவுன் வால்வின் மரையில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து டெஃப்ளான் டேப் சுற்றிப் பூட்டியதும் அந்த இடத்தில் கசிவு நின்றுவிட்டது. ஆவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் தண்டில், கசியாமல் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் தேய்ந்திருந்தது. வாட்டர் கேஜ் கண்ணாடியின் ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருந்தது. இரண்டையும் மாற்றினோம். அப்படியும் ஈரம் இருந்தது.

அப்புறம் எல்லா ஃபிட்டிங்கையும் கழற்றி, ஓட்டைகளுக்குத் திருகு அடைப்பான் போட்டு, காற்று ஒரு குமிழி கூட இல்லாமல் பச்சைத் தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் ஏற்றினோம். ஏன் தண்ணீர் என்று தம்பி கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்: தண்ணீர் அமுங்காது, எங்காவது விட்டுப்போனாலும் ஒரு சொட்டு விழுந்து அழுத்தமானியின் முள் இறங்குவதோடு சரி. காற்றை அடைத்துச் சோதித்து, அது வெடித்தால் ஆள் போய்விடும்.

கொஞ்சம் ஏற்றி, நிறுத்தி, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி ஒற்றிப் பார்த்தோம். 40 பவுண்டில் ஒன்றும் இல்லை. 70ஐத் தாண்டியதும் அடிச்சட்டத்தின் முன் மூலையில், ஃபயர்பாக்ஸ் தகடும் வெளித்தகடும் சந்திக்கும் இடத்தில், நெற்றி வியர்வை போல ஒரு மினுமினுப்பு. துடைத்தோம். சிறிது நேரம் கழித்து அதே இடத்தில் கடுகளவு ஒரு துளி திரண்டு நின்றது. பெரியவர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஒழுகும் இடம் இதுதான் என்று உறுதியாகிவிட்டால் இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது. பற்றவைக்கிற நேரத்தைவிட தேடுகிற நேரத்துக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

அடுத்து ஒரு முக்கியமான சோதனை: அந்த மூலையில் யாராவது எப்போதாவது ஈயம் வைத்திருக்கிறார்களா என்று சுரண்டிப் பார்த்தோம். ஒரு காலத்தில் ஸ்டே தலைகளில் கசிவை ஈயப்பற்றால் அடைப்பார்கள். ஈயம் பட்ட இடத்தில் பிறகு வெள்ளிப்பற்று ஒட்டாது. அந்தச் சூட்டில் ஈயம் செம்பையும் அரித்துவிடும். நல்லவேளை, கத்தி முனையில் சுத்தமான செம்புதான் பளிச்சென்று வந்தது.

உப்புப் படிவு போக பாய்லரை வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, அந்த மூலையைச் சின்ன அரத்தால் ராவி எடுத்தோம். அதன்மேல் வெங்காரம் கலந்த பசை. நம் முதுநகர் பத்தர் கடையில் டப்பாவில் இருக்குமே, அதே வெங்காரம்தான். மற்ற மூலைகளிலும் பக்கத்து ஸ்டேகளிலும்கூடப் பூசச் சொன்னார். சூட்டில் பழைய பற்று இளகினால் கருத்துப்போகாமல் இருக்க அது காவல். அடைப்பான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். உள்ளே ஒரு துளி ஈரம் மாட்டி ஆவியானாலும் வெளியே போக வழி வேண்டும்.

பழைய பற்றுக்கம்பிகள் பலவற்றில் காட்மியம் என்ற உலோகம் இருக்கும். அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு, ஐரோப்பாவில் அதை 2011லேயே தடை செய்துவிட்டார்கள். அதனால் முகமூடி போட்டுக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே முற்றத்தில் தீச்செங்கல் அடுக்கி, அதற்கு நடுவில் பாய்லரைக் கவிழ்த்து வைத்தோம்.

செம்பு சூட்டை ஓர் இடத்தில் தங்கவிடாது. மூலையை மட்டும் காய்ச்சினால் கம்பி உருகிப் பிடிக்காது, தகடு ஒருபக்கமாக விரிந்து பக்கத்துப் பற்றும் கீறிவிடும். அதனால் பெரிய புரொப்பேன் பர்னரால் அவர் பாய்லர் முழுவதையும் காய்ச்சினார். நான் சின்ன பர்னரை மூலையில் பிடித்தேன். பசை முதலில் நுரைத்து வெள்ளையாகப் பொருமியது, பிறகு படிந்து, கண்ணாடி மாதிரி தெளிந்தது. செம்பு மங்கலான சிவப்புக்கு வந்ததும் "இப்போது" என்றார். சுடரை விலக்கிக் கம்பியைத் தொட்டேன். தொட்ட மாத்திரத்தில் வெள்ளிக் கோடு ஒன்று மூலையைச் சுற்றி ஓடி இடுக்குக்குள் இறங்கியது. அப்பா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூடு இருக்கும் பக்கம் அது தானாகவே போகிறது.

தானாக ஆறட்டும் என்று விட்டோம். உள்ளே போய் அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, பர்னர் சத்தம் இல்லாத அமைதியில் ஆலை அரவைக் காலம் பற்றி அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதினால் நீங்கள் கிளம்புவதையும், உங்கள் சட்டையில் ஒட்டி வரும் கரும்புச் சக்கை வாசனையையும் சொன்னேன்.

இங்கேயும் இன்ஸ்பெக்டர் உண்டு. மாடல் எஞ்சின் சங்கத்துக்காரர்தான், ஆனால் கண்டிப்பில் நம் ஊர் பாய்லர் இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் இல்லை. புது பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு, பின்னால் வரும் சோதனைகளுக்கு ஒன்றரை மடங்கு என்பது இவர்கள் வழக்கம். பற்றைத் தொட்டிருக்கிறோம் என்பதால் இதற்கும் இரண்டு மடங்கே வேண்டும் என்றார். 160 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல். ஏற்றி நிறுத்தினோம். டார்ச் அடித்து ஒவ்வொரு ஸ்டேயாகப் பார்த்தார். முள் அசையவில்லை, மூலை உலர்ந்தே இருந்தது. சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆவி ஏற்றும் சோதனை பாக்கி இருக்கிறது. தீயை முழுவதுமாக எரியவிட்டு தீயை ஊதிவிடும் புளோயரையும் திறந்தால்கூட, சேஃப்டி வால்வு 88 பவுண்டுக்கு மேல் ஏறவிடக் கூடாது. அது முடிந்ததும் வீடியோ அனுப்புகிறேன், தம்பி போனில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அரவை நடுவில் ஒரு டியூப் லேசாகக் கசிய ஆரம்பித்தால் அன்றே பாய்லரை நிறுத்தி அதை அடைத்துவிடுவீர்களா, இல்லை கவனித்துக்கொண்டே சில நாள் ஓட்டுவீர்களா? யார் முடிவு எடுப்பார்கள்? போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே அனுப்புங்கள். நான் அவருக்கு ஆங்கிலத்தில் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்