சனிக்கிழமை வேதப்படிப்பு: மாற்குவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

அன்பான உறவுகளே, இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு உவர்மலையில் வழமையான வீட்டில் கூடுகிறோம். 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தை ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள்.

பவுல் சிறையில் இருந்து எழுதியது அது. ஓட்டத்தை முடித்தேன் என்று சொன்னவர், சில வரிகள் தள்ளி, துரோவாவில் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். கடைசிவரை நிலைத்து நின்றவருக்கும் குளிர் இருந்தது, தனிமை இருந்தது. கூட ஊழியம் செய்த தேமா விட்டுப் போய்விட்டார். ஆனால் மாற்குவைக் கூட்டிவா, அவர் எனக்குப் பிரயோசனமானவர் என்கிறார். அப்போஸ்தலர் 13:13ஐயும் பாருங்கள். பம்பிலியாவில் இருந்து ஊழியப் பயணத்தின் பாதியில் திரும்பிப் போனவர் இதே மாற்குதான் (அந்த வசனத்தில் யோவான் என்று இருக்கும்)! அவரால் பவுலும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் உறவுகளை இழந்தும் ஜெபத்தை விடாதவர்கள் நம் திருகோணமலையில் கன பேர். சிலருக்கு அது ஏலாமல் போனது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அப்படி யாரையாவது தெரிந்தால் போன் எடுத்துக் கூப்பிடுங்கள். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்க வேண்டாம்.

பாலையூற்றுப் பக்கம் இருந்து வரும் மூத்தவர்களுக்கு ஆட்டோ தேவையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.